ஈரத் திரி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்து யார் என்று தெரிந்திருக்காது. என் கையெழுத்தை நீங்கள் பார்த்ததே இல்லை. என் தொண்டையைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஸ்டூடியோவில் எனக்கு அதுதானே பெயர். "தொண்டை வந்தாச்சா?" "தொண்டைக்கு வெந்நீர் குடுங்கப்பா." ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்திருந்த உங்களுக்குக் காது என்று பெயர். காதும் தொண்டையும் முறைத்துக்கொண்டால் பேசும்படம் ஊமைப்படம் ஆகிவிடும் என்று டைரக்டர் சொல்லிச் சிரிப்பார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பாட்டு வாத்தியாரும் போய்விட்டார். அந்தத் தகரக் கொட்டகையில் அன்றைக்கு இருந்தவர்களில் மிச்சம் நாம் இரண்டு பேர்தான்.

நீங்கள் சினிமாவை விட்டுத் தொழிற்கல்லூரியில் பாடம் நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். வீட்டு முகவரியும் கிடைத்தது. ஆனாலும் கல்லூரிக்கே எழுதுகிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும்.

சுற்றி வளைக்க எனக்கு இப்போது மூச்சு இல்லை. குரலைத் தனியாகப் பதிந்து பிறகு படத்தோடு சேர்த்த முதல் பாட்டு நம்முடையது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதைப் பாடியவருக்குச் சினிமாச் சங்கம் இந்த ஏப்ரலில் விழா எடுக்கிறது. மேடையில் பதக்கம், சங்கத்து வாசலில் கல்லில் பெயர். பாடியவர் யார் என்பதில்தான் தகராறு. இசைத்தட்டில் என் பெயர் கிடையாது. கதாநாயகியின் பாத்திரப் பெயரைத்தான் அச்சடித்தார்கள். பாதிப் பேர் கதாநாயகியாக நடித்த அண்ணியே பாடினார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முடிவாகத் தெரியாவிட்டால் அடுத்த ஸ்டூடியோவில் எனக்குப் பின்னால் பாட வந்தாளே, வெண்கலம் என்று கூப்பிடுவார்களே, அவளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அவள் தட்டில் அவள் பெயர் இருக்கிறதாம்.

அன்று கூட இருந்தவர் ஒருவர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார் செயலாளர். உங்களைத் தவிர யாரும் இல்லை.

என் தொண்டையில் முடிச்சு. ஒரு தடவை அறுத்தார்கள். இப்போது பேசினால் தகரத்தை இழுக்கிற மாதிரி இருக்கிறது. இத்தனை வருடம் யார் யார் வாயிலிருந்தோ வந்தேன். என் வாயிலிருந்து வந்ததாக ஒரு இடத்திலாவது எழுதியிருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன். தப்பா?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் உதடு எனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
தொண்டை


ஜனவரி 21

தொண்டைக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கிப் பார்த்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை.

உன் கடிதத்தை ஆசிரியர்கள் அறையில் எல்லோருக்கும் முன்னால் பியூன் நீட்டினான். "யாரு சார், பொம்பளைக் கையெழுத்தா இருக்கே?" என்றார் கணக்கு ஆசிரியர். "ஒரு பழைய படத்தோட ஆவி" என்றேன். சிரித்தார்கள். ஆவி என்றால் வேண்டியதைக் கேட்டு வாங்காமல் போகாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

தப்பா என்று கேட்டிருக்கிறாய். உனக்கு வசதியாக மறந்துபோன சிலவற்றை எழுதுகிறேன். பிறகு நீயே சொல்.

அந்தப் பாட்டை முதலில் பாடியது என் மனைவி. துணியில் வரைந்த காடு. அட்டை மரத்தின் பொந்துக்குள் மைக். வரைந்த மலைக்குப் பின்னால் குனிந்தபடி வாத்தியக்காரர்கள். குழல்காரரின் வழுக்கைத் தலை மட்டும் இரண்டாம் பௌர்ணமி மாதிரி மலைக்கு மேலே வந்துகொண்டே இருந்தது. நடித்துக்கொண்டே பாட வேண்டும், பாடிக்கொண்டே நடக்க வேண்டும், மைக்கை விட்டு இரண்டடி தள்ளக் கூடாது. அவள் செய்தாள். இரண்டாம் சரணத்தில் ஆர்க் விளக்கின் கரிப்புகை தொண்டையை அடைத்தது. வரியின் நடுவில் நின்றுவிட்டாள். எச்சிலை விழுங்கினாள். இமை தாழ்ந்து எழுந்தது. விட்ட சுரத்துக்குக் கீழே இருந்து, தடுமாறி, எடுத்துப் பாடினாள். டைரக்டர் 'கட்' சொல்லவில்லை. அந்த ஒரு கணத்தில் அவள் முகம் அப்படி இருந்தது.

பிறகு லேபில் ஒலிச்சுருளைக் கழுவும்போது கெடுத்தார்கள். காட்டைப் பிரித்து அரண்மனை கட்டியாகிவிட்டது. முகம் கையில் இருந்தது, குரல் இல்லை. அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டார்கள். படச்சுருளை வளையமாக ஒட்டி, திரும்பத் திரும்ப ஓட்டி, அவள் உதட்டைப் பார்த்து உன்னைப் பாட வைத்தார்கள்.

அவளிடம் யாரும் சொல்லவில்லை. வெளியான அன்று அம்மா, அக்காமார், அவர்கள் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். திரையில் அவள் வாயைத் திறந்தாள். வந்தது நீ. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கை என் கையில்தான் இருந்தது. பாட்டு முடிவதற்குள் அது சில்லிட்டுப் போனதை நான் அறிவேன். லேப் விஷயத்தை வெளியே வந்ததும் சொன்னேன். "அப்படியா" என்றாள். அதற்குப் பிறகு அவள் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை.

உனக்குப் படம் மேல் படம் வந்தது. அந்தத் தடுமாற்றத்தைத்தான் ஊரே கொண்டாடியது. 'அந்த இடம்' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். கச்சேரிக்குக் கச்சேரி 'அந்த இடம்! அந்த இடம்!' என்று கத்தினார்களே, காதில் தேன் பாய்ந்திருக்கும்.

எழுதித் தருவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுது. அந்த இடம் யாருடையது?

காது


ஜனவரி 29

அண்ணாவுக்கு,

வாத்தியார் ஆன பிறகு கேள்வி கேட்கும் தோரணை நன்றாகவே படிந்திருக்கிறது. எழுதுகிறேன். அந்த இடம் அண்ணியுடையது. போதுமா?

எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு நாள் பாட்டு என்று கூட்டி வந்தார்கள். இருட்டறை, ஒரு மைக், எதிரே சின்னத் திரை. அதில் ஒரு பெண் வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், சத்தமே இல்லை. "இவ பாடுறதை நீ பாடு" என்றார் பாட்டு வாத்தியார். பூசணிக்காய்க்குத் தோல் ஒட்டுகிற வேலை மாதிரி இருந்தது. மெட்டு ஒரு பக்கம் இழுக்கும், உதடு ஒரு பக்கம் இழுக்கும். கடைசியில் மெட்டை விட்டுவிட்டு அவர்கள் கழுத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். கழுத்து ஏறினால் நானும் மூச்சு வாங்கினேன். இறங்கினால் பாடினேன். சாயங்காலத்துக்குள் யார் மூச்சு யாருடையது என்று தெரியாமல் போய்விட்டது. அந்தத் தடுமாற்றம் வந்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. நான் நடிக்கவில்லை.

தேன் பாய்ந்ததாம். நான் எத்தனையோ பாட்டு பாடினேன். என்னிடம் யாராவது அவற்றைக் கேட்டார்களா? எங்கே போனாலும் அந்தப் பாட்டு, அந்த இடம். வேறு ஒருத்தி இருமலை அடக்கியதை ஆயுசு முழுக்க அடக்கிக் காட்டினேன்.

என் வாழ்க்கை பட்டுக் கம்பளம் என்று நினைத்திருக்கிறீர்கள். ஒரு கதாநாயகி நான் செட் பக்கம் வந்தால் நடிக்க மாட்டேன் என்றாள். இன்னொருத்தி பேட்டியில் தினமும் பாட்டுப் பயிற்சி செய்கிறேன் என்றாள், நான் பக்கத்து அறையில் அவளுக்காகப் பாடிக்கொண்டிருந்தேன். காய்ச்சலோடு பாடியிருக்கிறேன். என் அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் காதல் பாட்டு பாடியிருக்கிறேன். பிறகு புதுக் குரல்கள் வந்தன. எனக்கு அம்மா வேஷக்காரிகளின் தாலாட்டு மிஞ்சியது. அப்புறம் கோரஸில் மூன்றாவது வரிசை. கடைசியில் சின்னப் பெண்கள் கேட்டுக் கற்றுக்கொள்வதற்காகப் பாடிக் காட்டுகிற வேலை. நான் பாடுவேன், அவர்கள் கேட்டுவிட்டுப் பாடுவார்கள், என்னுடையதை அழித்துவிடுவார்கள்.

அண்ணிக்கு வருத்தம் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் குரல் மெலிசு. அது ஸ்டூடியோவில் எல்லோருக்கும் தெரியும். சுருள் கெட்டிருக்காவிட்டாலும் அந்தப் பாட்டு இத்தனை நாள் நின்றிருக்காது. கசந்தாலும் உண்மை இதுதான்.

கேள்விக்குப் பதில் எழுதியாகிவிட்டது. இனி நீங்கள் எழுதுங்கள்.

தொண்டை


பிப்ரவரி 12

தொண்டைக்கு,

நன்றாக எழுதியிருக்கிறாய். 'அந்த இடம் அண்ணியுடையது.' அதைப் பல தடவை படித்தேன். இந்த ஒரு வரியை உன் கையால் வாங்க வேண்டும் என்றுதான் கேட்டேன். எழுதித் தருவதாக நான் எப்போது சொன்னேன்?

எழுதித் தரப்போவதில்லை. காரணத்தையும் கேட்டுக்கொள். படித்துவிட்டு வயிறு எரியட்டும்.

கொட்டகையில் இடைவேளை விட்டதும் அவள் பெரியக்கா திரும்பிக் கன்னத்தைக் கிள்ளினாள். "அடியே, எவ்வளவு நல்லா பாடியிருக்கே! வீட்டுல ஒரு நாளாவது இப்படி வாயைத் திறந்திருக்கியா?" என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

அந்த 'ஆமா' அன்றோடு நிற்கவில்லை. ஒரு தடவை சொன்னதைத் தெரு சொல்லியது, தெரு சொன்னதை ஊர் சொல்லியது. நாங்கள் குடியிருக்கும் இந்த ஊரில் அந்தப் பாட்டைப் பாடியவள் அவள்தான். முன்னறையில் பாட்டு வகுப்பு நடத்துகிறாள். சுவரில் அந்த இசைத்தட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். தட்டில் இருப்பது அவள் நடித்த பாத்திரத்தின் பெயர். யார் என்ன சொல்ல முடியும்? கடைக்குப் போனால் "பாட்டம்மா, முதல்ல நீங்க வாங்கிக்கோங்க" என்று வழி விடுகிறார்கள். என்னைப் 'பாட்டம்மா வீட்டுக்காரர்' என்கிறார்கள். பட்டம் வாங்கி, பௌதிகம் படித்து, கடைசியில் எனக்குக் கிடைத்த பட்டம் அது.

நான் உனக்குக் கையெழுத்துப் போட்டால் மறுநாள் அந்த முன்னறை காலியாகும். உன் பெயர் கல்லில் ஏறுவதற்கு என் வீட்டுச் சுவரில் இருப்பதை நான் இறக்க வேண்டுமா?

உனக்கு முகமே கிடையாது. தெருவில் போனால் உன்னை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்காக நான் வருத்தப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறாய். எனக்கு வருத்தம் வரவில்லை. மனதார முயன்றும் வரவில்லை.

இனி எழுதாதே.

காது


மார்ச் 3

அண்ணாவுக்கு,

முகமே கிடையாது என்று எழுதியிருந்தீர்கள். அது எவ்வளவு வசதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன வியாழக்கிழமை, நீங்கள் கல்லூரியில் இருந்த நேரம், உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, அக்கா பெண்ணை வகுப்பில் சேர்க்க வந்தவள் என்று சொன்னேன். அண்ணி உட்காரச் சொன்னார்கள். மற்ற அம்மாக்களோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். என் தலைக்கு நேர் மேலே சட்டத்துக்குள் நான் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாட்டுதான் நடந்துகொண்டிருந்தது. சொல்லிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க பாடுவீங்களா?" என்றார்கள்.

"கொஞ்சம் பாடுவேன்."

"அப்ப இந்த ரெண்டாம் சரணத்தைப் பாடுங்க, பாப்போம். வீட்டுல பொண்ணுக்கு நீங்கதானே சொல்லித் தரணும்."

பாடினேன் அண்ணா. இந்தத் தகரத் தொண்டையோடு. பிள்ளைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சிரித்தன. அண்ணி அதட்டினார்கள். பிறகு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"குரலை விடுங்க, சளி பிடிச்சிருக்கு போல. ஆனா அந்த இடத்தை நீங்க அழகு பண்றீங்கம்மா. அது அழகு இல்ல. தவிப்பு. மூச்சு போயிடுமோன்னு பயப்படணும். எல்லாரும் இந்தத் தப்பைத்தான் பண்றாங்க. தட்டுல கேட்டுக் கேட்டு வர்றது."

அப்புறம் பாடிக் காட்டினார்கள்.

என் வாழ்நாளில் என்னை ஒருவரும் அப்படித் திருத்தியதில்லை. திருத்தியது சரி. அதுதான் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "தட்டுல இருக்கிறது நான்தான்டி" என்று கத்தியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "அடுத்த வாரம் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

குரல் மெலிசுதான். ஆனால் நீங்கள் சொன்ன அளவுக்கு இல்லை.

எப்போது சொன்னேன் என்று யோசிக்காதீர்கள், நான் சொல்கிறேன். ஒலிப்பதிவு அறையிலிருந்து பாடுகிறவரிடம் பேச உங்கள் மேஜையில் ஒரு ஸ்விட்ச் இருந்தது. அதைத் தட்டினால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் தலைக்கு மேல் இருக்கும் சின்ன ஒலிபெருக்கியில் உங்கள் பேச்சு கேட்கும். பேசி முடித்ததும் மூட வேண்டும். என்னைப் பாட வைத்த அன்று, "கொஞ்சம் பொறும்மா" என்று சொல்லிவிட்டு நீங்கள் மூட மறந்துவிட்டீர்கள்.

டைரக்டர் கேட்டார்: "ஏன்யா, உன் சம்சாரம் பாடினதையே வச்சிருக்கலாமே? நல்லாத்தானே இருந்தது?"

நீங்கள் சொன்னீர்கள்: "முகத்தை வச்சுக்கோங்க சார். குரல் வேண்டாம். ஈரத் திரி மாதிரி இருக்கு. எவ்வளவு பத்த வச்சாலும் எரியாது. லேப்ல சுருள் கெட்டுப்போச்சுன்னு நான் வீட்டுல சொல்லிக்கிறேன்."

லேபில் ஒன்றும் கெடவில்லை அண்ணா. கெட்டது எங்கே என்று நம் இருவருக்கும் தெரியும். என் தலைக்கு மேலேதான் அந்தக் குரல் வந்தது. நான் தலை நிமிராமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் அவர்கள் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடம் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்கூட. உங்கள் கடிதத்தில் 'அவள் கை சில்லிட்டது' என்று படித்தபோது சிரித்துவிட்டேன். தொண்டையில் ரத்தம் வந்தது.

சங்கத்துக்கு உங்கள் கையெழுத்து மாத முடிவுக்குள் வர வேண்டும். வராவிட்டால் இதே விஷயத்தை இன்னொரு கடிதமாக எழுதி உங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்புவேன். பாட்டம்மா பெயருக்கு.

தொண்டை


மார்ச் 17

தொண்டைக்கு,

ஆக, உனக்கும் காது இருந்திருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருப்பது நல்லதல்ல என்பதற்கு நீயே சாட்சி.

நான் சொன்னதை மறுக்கப்போவதில்லை. அது திட்டு அல்ல, அளவு. ஒலி அளக்கும் மீட்டரில் முள் எழவில்லை. கட்டிய மனைவி என்பதற்காக முள்ளை நான் கையால் தூக்கி நிறுத்த முடியுமா? எந்தத் தச்சனாவது தன் வீட்டு மரம் என்பதற்காக உளுத்ததைத் தூணாக நிறுத்துவானா? அந்தப் படம் ஓடியது என் காதால். உன் தொண்டையாலும் அல்ல, அவள் முகத்தாலும் அல்ல. அதை எழுத ஒரு கல்லும் கிடையாது. நான் யாருக்காவது கடிதம் எழுதிக் கெஞ்சினேனா?

கையெழுத்து கேட்டாய் அல்லவா? போட்டுவிட்டேன். முந்தாநாள் சங்கத்துக்கு நேரிலேயே போய்க் கொடுத்தேன். 'அந்தப் பாட்டை, படப்பிடிப்புக்குப் பிறகு தனியாகப் பதிவு செய்த நாளிலும், பாடியவர் கதாநாயகியாக நடித்த என் மனைவியே. ஒலிப்பதிவு செய்தவன் நான்.' செயலாளர் எழுந்து நின்று கை குலுக்கினார். "எங்களுக்கும் அப்படித்தான் சார் தோணிச்சு. அந்த முகத்துலேர்ந்து வேற யார் குரல் வர முடியும்?" என்றார்.

வீட்டில் சொன்னேன். அவள் கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். மறுப்பாள் என்று நினைத்தேன். பதக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை, கல்லைப் பற்றிக் கேட்கவில்லை. "மேடையில பாடச் சொல்வாங்களா?" என்று மட்டும் கேட்டாள். சொல்வார்கள் என்றேன். "மைக்ல?" என்றாள். மைக்கில்தான் என்றேன். அன்றிலிருந்து விடிந்தால் எழுந்து பாடுகிறாள். எனக்குக் காது வலிக்கிறது.

விழாவில் ஒலிக் கருவிகளை நான்தான் பார்க்கிறேன். நீ கவலைப்பட வேண்டாம்.

கடிதம் அனுப்புவதாக மிரட்டியிருக்கிறாய். அனுப்பு. முகம் தெரியாத ஒருத்தி, குரல் போன ஒருத்தி, பொறாமையில் எழுதிய மொட்டைக் கடிதம் என்று அவளே அடுப்பில் போடுவாள். நிரூபிக்க வேண்டுமா? மேடைக்கு வா. அந்தப் பாட்டைப் பாடிக் காட்டு. சளியோடு.

காது


ஏப்ரல் 16

அண்ணாவுக்கு,

வந்திருந்தேன். கடைசி வரிசைக்கு முன் வரிசை. அண்ணிக்கு எழுதிய கடிதம் ஒட்டிய உறையோடு கைப்பையில் இருந்தது. தபாலில் போட்டால் நீங்கள் எடுத்துவிடுவீர்கள் என்று கையோடு கொண்டுவந்தேன். விழா முடிந்ததும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு, படிக்கிற வரை எதிரே நிற்பதாகத் திட்டம். அந்த முகத்தை இன்னொரு தடவை, இந்த முறை நேரில், பார்க்க வேண்டும் என்று இருந்தது. நானும் நல்லவள் இல்லை.

நடந்ததை நீங்கள் மேடை ஓரத்தில் கருவிக்குப் பின்னால் இருந்து பார்த்தீர்கள். எதிரில் இருந்தவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எழுதுகிறேன்.

மைக்குக்கு முன்னால் வந்து நின்றார்கள். கைதட்டல் அடங்கியது. ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்தார். முதல் வரியைப் பாடினார்கள். மெலிசாகத்தான் வந்தது. முன் வரிசையில் யாரோ இருமினார்கள், எங்கோ நாற்காலி நகர்ந்தது, அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்திருந்தால் சபை அந்தக் குரலுக்குப் பழகியிருக்கும். பாடுகிறவளுக்கு அது தெரியும். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள்.

இரண்டாம் வரியில் அவர்கள் குரல் நின்றது. அவர்கள் நிறுத்தவில்லை. வாய் பாடிக்கொண்டுதான் இருந்தது. ஒலிபெருக்கியில் இசைத்தட்டின் மேல் ஊசி விழுகிற கரகரப்பு கேட்டது. அப்புறம் நான் வந்தேன். பத்தொன்பது வயதில், வாத்தியம் எல்லாம் சேர்ந்து, கணீரென்று.

அவர்கள் கண்ணைத் திறந்தார்கள். சபையைப் பார்க்கவில்லை. நீங்கள் உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்தார்கள். பொதுவாக யாரும் ஒரு ஆளை அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள்.

பிறகு திரும்பி உதட்டை அசைத்தார்கள். எவ்வளவு சரியாக அசைத்தார்கள் அண்ணா! ஒரு இழை பிசகவில்லை. அன்றைக்கு நான் அவர்கள் உதட்டுக்குப் பாடினேன். இன்றைக்கு அவர்கள் என் குரலுக்கு உதட்டைக் கொடுத்தார்கள். சபை சொக்கிப் போய்க் கேட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள், "இந்த வயசுல என்னா குரல் பாருங்க" என்று என் தொடையைத் தட்டினாள்.

இரண்டாம் சரணம் வந்தது. அந்த இடம் வந்தது. அண்ணி வாயை மூடிக்கொண்டார்கள்.

தடுமாறவில்லை, மறக்கவில்லை. பெட்டியை மூடுகிற மாதிரி மூடினார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மூடிய வாய்க்கு முன்னால் நான் எச்சில் விழுங்கினேன், தவித்தேன், கீழே இருந்து எடுத்துப் பாடினேன். முதலில் ஒரு குழந்தை சிரித்தது. "வாய் மூடியிருக்கு, பாட்டு வருது!" பிறகு சபை முழுக்கப் புரிந்தது. நீங்கள் ஊசியை எடுத்திருக்கலாம். ஏன் எடுக்கவில்லை? கை வரவில்லையா? இல்லை, அந்த நேரத்திலும் பாட்டு நன்றாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தீர்களா?

கடைசி வரி வரை நின்றுவிட்டு இறங்கி வந்தார்கள். செயலாளர் பின்னாலேயே ஓடினார். "அம்மா, அம்மா, என்னம்மா இது?" அவர்கள் நடு வழியில் என் வரிசைக்கு நேராக நின்றார்கள். என் கழுத்துத் துணியைப் பார்த்தார்கள்.

"சளி சரியாயிடுச்சா?" என்றார்கள்.

தலையை ஆட்டினேன். போய்விட்டார்கள்.

யார் என்று தெரிந்து கேட்டார்களா, தெரியாமல் கேட்டார்களா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கைப்பையில் இருந்த கடிதத்தை வாசலிலேயே கிழித்துப் போட்டேன். அதில் எழுதியிருந்ததைத்தான் நீங்களே சொல்லிவிட்டீர்களே. அன்றைக்கு ஸ்விட்சை மூட மறந்து எனக்கு மட்டும் சொன்னீர்கள். இன்றைக்கு அவர்களுக்கே சொன்னீர்கள், ஒலிபெருக்கி வைத்து.

தொண்டை


மே 8

தொண்டைக்கு,

சங்கத்து வாசலில் வெண்கலத்தின் பெயரைக் கல்லில் வெட்டிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். நல்ல கல். எழுத்தும் ஆழமாக இருக்கிறது. உனக்குச் சொல்லத் தோன்றியது.

வீட்டில் சண்டை ஏதும் இல்லை. அவள் என்னிடம் பேசுகிறாள். "குழாய் ஒழுகுது." "சாப்பாடு மூடி வச்சிருக்கேன்." அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது. முன் வரிசையில் இருமினார்கள், நாற்காலியை நகர்த்தினார்கள், உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று சொல்லியிருப்பேன். அது பொய்யும் அல்ல. முழு உண்மையா என்று அவள் கேட்டால்தானே நான் யோசிக்க வேண்டும். கேட்க மாட்டேன் என்கிறாள்.

சுவரில் இருந்த தட்டை இறக்கிவிட்டாள். சட்டம் மட்டும் பரண்மேல் இருக்கிறது. தட்டு எங்கே என்று தெரியவில்லை. கடையில் இப்போது வரிசையில்தான் நிற்கிறாள். மாணவிகள் பாதிக்கு மேல் நின்றுவிட்டார்கள். மிஞ்சிய நாலைந்து பேருக்கு நேற்று வகுப்பைத் திரும்பத் தொடங்கினாள். அதே பாட்டு.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் சரணத்தில் ஒரு பெண் பழக்கத்தில் அந்த இடத்தில் நின்றாள்.

"நிக்காதே" என்றாள் என் மனைவி. "நேராப் பாடு. அங்க ஒண்ணும் இல்ல."

அந்தப் பெண் நேராகப் பாடினாள். மற்றவர்களும் பாடினார்கள். வரி எங்கும் நிற்காமல், தண்டவாளம் மாதிரி, போய் முடிந்தது.

கேட்க நன்றாக இல்லை. இதை உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

காது